நாலடிக் கடல்

நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி, காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்ட பிறகும் போகாமல் கூடத்தில் நின்றார்.

"சார், இது நிஜ மீனா, இல்ல டிவியா?"

"நிஜம்தாம்ப்பா."

"நல்ல தண்ணி மீனா?"

"கடல் மீன்."

"கடல் மீனு எப்படி சார் நெய்வேலியில?"

சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு இன்னும் பதினைந்து வீடு பாக்கி இருந்தது. பாதியில் விட்டதை உங்களிடம் முடித்துவிடுகிறேன்.

டவுன்ஷிப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். எண்பதுகளில் ஒருமுறை மாணவர்களை ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். அப்போது கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் சங்கு, சோழியோடு வெள்ளை வெளேரென்று பவளப்பாறைத் துண்டுகளையும் குவித்து வைத்திருப்பார்கள். காலிஃப்ளவர் மாதிரி ஒன்று, மான் கொம்பு மாதிரி ஒன்று. இரண்டையும் வாங்கி வந்து ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் கால்சியம் பாடம் வரும்போது அந்த மான் கொம்பைக் கையில் எடுத்து, "இது என்ன?" என்று கேட்பேன். "சுண்ணாம்பு சார்" என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வரும். கால்சியம் கார்பனேட். சரியான பதில்தான். ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துக்கொண்டு கரியமில வாயு வரும். கையில் இருக்கும் சாக்பீஸ் அப்படி நுரைக்காது, அது கால்சியம் சல்பேட். இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் அந்தப் பவளம் எனக்குப் பயன்பட்டது. அது உயிரோடு இருந்த ஒன்று என்று நான் வகுப்பில் சொன்னதுண்டு. ஆனால் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

2009-ல் எங்கள் மகள் ஏற்கெனவே கல்யாணமாகிப் போயிருந்தாள். குவார்ட்டர்ஸ் வெறிச்சென்று ஆனது. என்னிடம் படித்த பையன் ஒருவன் கடல் உயிரியல் படித்துவிட்டுப் பரங்கிப்பேட்டைப் பக்கம் வேலையில் இருந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், அதனால் 'தம்பி' என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1961-லிருந்து இருக்கிறது. அந்த வருடங்களில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அதைச் செய்துகொண்டிருந்தது. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீனை ஒரு நாள் பார்த்தேன். சரி, இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

தம்பியிடம் என் திட்டத்தைச் சொன்னேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே பவளப்பாறை. முதல் வேலையாக ஆய்வகத்தில் இருக்கும் அந்த இரண்டையும்...

"சார், அது எலும்புக்கூடு சார்" என்றான்.

அடுத்து சட்டத்தைச் சொன்னான். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2001-ல் கல் பவளம் எல்லாவற்றையும் அதன் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் விசிறி, கருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் உண்டு. புலி இருக்கிற அதே அட்டவணை. கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். "வெளிநாட்டுக்காரங்க வீடியோல காட்டுற மாதிரி தொட்டி நிறைய பவளம் வெக்கணும்னா நம்ம ஊர்ல நேர் வழி கிடையாது சார்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மன்னார் வளைகுடாவில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வண்டி வண்டியாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே அமுங்கிப்போயின. அப்போதெல்லாம் கேட்காத சட்டம், ஒரு வாத்தியார் நாலடித் தொட்டி வைக்கும்போது வந்து நிற்கிறதே என்று. அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டிகளில் போனவற்றில் இரண்டு துண்டுதான் என் அலமாரியில் இருந்தது.

சரி, பவளம் இல்லாமல் பவளப்பாறைத் தொட்டி. எப்படி?

பாறையை நானே செய்தேன். ஒரு பங்கு வெள்ளை சிமெண்ட், மூன்று பங்கு உடைத்த கிளிஞ்சல், இரண்டு பங்கு கல்லுப்பு. கெட்டியாகப் பிசைந்து, கொல்லையில் ஈர மணலைக் குழித்து, அதில் கைக்கு வந்தபடி கொட்டிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் தண்ணீரில் போட்டால் உப்பெல்லாம் கரைந்து, பாறை முழுக்கப் பொந்தும் துளையுமாகிவிடும். பார்க்க மோசமில்லை. ஆனால் சிமெண்டிலிருந்து காரம் கசிந்துகொண்டே இருக்கும். பி.எச். தாளை நனைத்தால் கருநீலம். தினமும் டிரம்மில் தண்ணீர் மாற்றினேன். முழுசாக இரண்டு மாதம். எதிர் வீட்டு அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், வடகமா?" என்று என் மனைவியிடம் கேட்டுச் சிரித்தார். "ஆமாங்க, சாருக்குப் பல்லு கெட்டி" என்றாள் இவள்.

தண்ணீர் அடுத்த கதை. கடைசியில் கடல் என்பது தண்ணீர்தானே, நாற்பது கிலோமீட்டரில் கடல் இருக்கிறது, உப்பு மூட்டைக்கு ஏன் காசு என்று நினைத்தேன். நவம்பர் மாதம். இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு போய் கடலூரில் கரையோரமாக மொண்டு வந்தேன். அடர்த்திமானியை மிதக்கவிட்டால் 1.015. கடல்நீர் 1.025 இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டுகிற வெள்ளம் கரையோரம் மேலாகப் பரவி நிற்கும் என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வேதியியல் வாத்தியாருக்குத் தெரியவில்லை, சாமியார்பேட்டையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்குத் தெரிந்தது.

"இப்பக் கரைத் தண்ணி சப்புனு இருக்கும் ஐயா. தை பொறக்கட்டும். எட்டுப் பாகம் தண்ணியில மொண்டாரச் சொல்றேன் எம் பையன."

தை பிறந்தது. அவர் மகன் பத்து கேன் கொண்டுவந்தார். காசு கொடுத்தால் வாங்க மறுத்து, டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, ஒரு மாதம் மூடி இருட்டில் வைத்துப் பிறகு பயன்படுத்தினேன். பின்னாளில் உப்பு மாவு வாங்கிக் கலக்கத்தான் பழகிக்கொண்டேன். ஒரு லிட்டருக்கு 35 கிராம். என் தொட்டியில் பாறை போக இருநூறு லிட்டர் நிற்கும், அப்படியானால் ஏழு கிலோ உப்பு. சமையல் உப்பைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. கடலில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் போகத்தான் நம் சாம்பாருக்கு வருகிறது.

தொட்டியை நிரப்பியவுடன் மீன் விடக்கூடாது. இதைத்தான் யாருமே கேட்பதில்லை. ஒரு பச்சை இறாலை உள்ளே போட்டு அழுகவிட்டேன். வீட்டில் அந்த ஒரு வாரம் நடந்த பேச்சை எழுத முடியாது. இறால் அழுகி அம்மோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும் பாக்டீரியா ஒன்று தானாக வந்து பாறைப் பொந்தில் குடியேறும். நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொன்று வரும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது அவ்வளவு இல்லை. சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். 37-வது நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின. கண்ணால் பார்க்க முடியாத உயிரைத்தான் நாம் முதலில் வளர்க்கிறோம். மீன் அதற்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கிற விருந்தாளி.

தம்பி இரண்டு கோமாளி மீன் கொண்டுவந்தான், இரண்டும் தொட்டியில் பிறந்தவை. கூடவே நாலு நத்தை. கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் இருக்குமா என்றேன். ஓர் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள் என்றான். வைத்தேன். மூன்றாம் நாள் அதற்குள் குடிபோய்விட்டன. வயல்வெளியிலிருந்து ஊருக்கு வந்து குவார்ட்டர்ஸ் கிடைத்த மாதிரி.

ஒரு நத்தையின் முதுகில் இளஞ்சிவப்பாக ஒரு பொறுக்கு ஒட்டியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து என் சிமெண்ட் பாறையில் ஒரு காலணா அகலத்துக்கு அதே நிறம். அப்புறம் இன்னோர் இடத்தில். அது ஒருவகைப் பாசி. தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தன் உடம்பைச் சுண்ணாம்பாக்கிக்கொண்டு பாறை மேல் படர்கிறது. நிஜப் பவளத்திட்டுகளில் உடைந்த துண்டுகளை ஒட்டவைக்கிற கொத்தனார் இதுதான் என்றான் தம்பி. என் வீட்டுக் கூடத்தில், நான் வாங்காத ஒன்று, உட்கார்ந்து சுண்ணாம்பு கட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வாக்கிங் போகவில்லை.

கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமே. பாசி எடுத்த கால்சியத்தைத் திரும்பத் தர வேண்டும். இதற்கு வெளிநாட்டில் பெரிய பெரிய இயந்திரம் உண்டு. ஜெர்மானியர் கண்டுபிடித்த எளிய வழி ஒன்றும் உண்டு: சுண்ணாம்புத் தெளிவு! வகுப்பில் குழல் வைத்து ஊதிப் பால்போல் ஆக்கிக் காட்டுவோமே, அதேதான். தூய சுண்ணாம்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும். தெளிந்ததை மேலாக எடுத்து, இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். தினமும் ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக இதையே விடலாம். (ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றி மீனைக் கருவாடாக்கிய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.) ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வாங்கி, பாட்டிலைச் சுவரில் மாட்டினேன். பார்க்க வந்தவர்கள் மீனுக்கு உடம்பு சரியில்லையா என்றார்கள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். விடியற்காலையில் கரையைக் கடந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பின் அழகே மரம்தான். அன்று அதுவே எதிரியாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெரு இல்லை, விழுந்த மரம்தான் இருந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன செய்தி பிறகுதான் வந்தது. பாதி ராத்திரியிலேயே கரண்ட் போயிருந்தது.

தென்னாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற ஊர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை நான் இன்வெர்ட்டரே வாங்கவில்லை, நெய்வேலியில் கரண்ட் போகுமா என்ற திமிர். தொட்டிக்குள் பம்பு நின்றுவிட்டது. பம்பு நின்றால் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீரில் காற்று கரையாது. மீன் மட்டும் மூச்சு விடவில்லை, பாறைக்குள் இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாவும் விடுகிறது. அவை செத்தால் முதல் நாள் அழுகிய இறால் கதைதான், இருநூறு லிட்டர் அளவில்.

ஒரு சொம்பை எடுத்து, தொட்டியில் மொண்டு, கையை உயர்த்தி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினேன். ஐம்பது முறை. பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி ஐம்பது. பகலில் நான். முன்னிரவில் அவள். நள்ளிரவில் நான். டிசம்பர் குளிர் எங்களைக் காப்பாற்றியது. தண்ணீர் குளிராக இருந்தால் காற்று கூடுதலாகக் கரையும், மே மாதமாக இருந்திருந்தால் முதல் ராத்திரியே முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் பகலில் அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "ஊரே தவிச்சுக்கிட்டு இருக்குங்க. கூரை போயி ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க. நாம மீனுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கோம்." நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின் தெருவிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை, குழந்தைக்குப் பால் கரைக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா என்றார். தொட்டிக்கு ஊற்ற நான் ஆர்.ஓ. தண்ணீர் நாற்பது லிட்டர் பிடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். செய்தி பரவி, இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாலைக்குள் கேன் காலி. அன்றைக்கு அவள் தானாகவே மறுபடி சொம்பை எடுத்தாள்.

நான் மரம் வெட்டப் போன இளைஞர்களோடு தெருவில் இருந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல். மூன்றாம் நாள் விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய மீன் சட்டிக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. சின்னது அதன் மேல் விசிறிக்கொண்டே நின்றது. நாலாம் நாள் சாயங்காலம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. பம்பு ஒரு தடவை உறுமி ஓடியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கண் கலங்கியது. ஒரு மீனுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் தூசி என்றேன்.

செத்தது பெண். கோமாளி மீன்கள் எல்லாமே பிறக்கும்போது ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும். பெண் செத்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் சில மாதங்களில் பெண்ணாக மாறும். தம்பி ஒரு குஞ்சு கொண்டுவந்து விட்டான். பழைய மீன், புயலில் விசிறிக்கொண்டு நின்றதே, அதுதான் வீட்டுக்காரி ஆனது. பையனுக்கு எடுத்துச் சொன்னால் புரியும், பெரியவர்களுக்குச் சொன்னால் நெளிகிறார்கள்.

2014-ல் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகர் வந்தோம். தொட்டி மாற்றிய கதை தனிப்பதிவு. பாறையை ஈரம் காயாமல் டிரம்மில் போட்டு, பால் வேனில் ஏற்றி, நான் மீன் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் வந்தேன். முதல் வேலையாக இன்வெர்ட்டர் வாங்கினேன்.

உண்மையில் நான் சொல்ல வந்தது 2016 மே மாதத்தைப் பற்றி.

மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், மருமகனின் அண்ணன் குடும்பம் என்று வீடு நிறைந்திருந்தது. கத்திரி வெயில். கூடத்தில் ஏ.சி. போட்டு, ஜன்னலை எல்லாம் அடைத்து, ஏழு பேர் பாய் விரித்துப் படுத்தார்கள். நாலைந்து நாளில் பாறையில் அந்த இளஞ்சிவப்புப் பாசியின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. உப்பு சரியாக இருந்தது, கால்சியம் சரியாக இருந்தது, வெப்பம் சரியாக இருந்தது. காலையில் பி.எச். பார்த்தேன். 7.7. எப்போதும் 8.1, 8.2 இருக்கும்.

இரண்டு முறை மீட்டரைச் சரிபார்த்தேன். அப்புறம்தான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அடைத்த அறை, ஏழு பேரின் மூச்சு. அந்தக் கரியமில வாயு எங்கே போகும்? தண்ணீரில் கரையும். கரைந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் ஏறினால் சுண்ணாம்பு கட்டுவது கஷ்டம். ஜன்னலைத் திறந்தேன். எல்லோரும் வியர்த்து எழுந்து திட்டினார்கள். மத்தியானம் 8.0. மறுநாள் 8.1.

பேரன் அப்போது ஏழாவது. மீட்டரை அவனிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டான்.

"தாத்தா, நாம மூச்சு விட்டதுக்கே இப்படின்னா, அந்தப் புகைபோக்கிக்கு?"

எங்கள் மொட்டைமாடியிலிருந்து அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும்.

அதே வாரங்களில் செய்தித்தாளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துப்போவதைப் பற்றி வந்துகொண்டிருந்தது. 1998-லும் 2010-லும் வெளுத்தன, அது மூன்றாவது பெரிய முறை. அது வெப்பத்தால் வருவது. தண்ணீர் சூடானால் பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். சோறு போடுவதே அந்தப் பாசிதான். அமிலம் வேறு கதை, ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. தொழில் யுகத்துக்கு முன் கடல்மேல்பரப்பின் பி.எச். சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. 0.1 தானே என்று நினைக்க வேண்டாம். பி.எச். என்பது மடக்கைக் கணக்கு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். முப்பது வருஷம் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டவன் நான்.

பேரனுக்கு என்ன சொல்வது? என் அப்பா 1962-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்த காலத்தில் இங்கே வந்தவர். அந்தச் சம்பளத்தில் நான் படித்தேன். நிறுவனம் நடத்திய பள்ளியில் நான் வாங்கிய சம்பளமும் அந்த நிலக்கரியிலிருந்து வந்ததுதான். தோண்டி எடுக்கும்போது பாதி எடை ஈரம். அந்த ஈரத்தையும் சேர்த்து எரிக்க வேண்டியிருப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கல் நிலக்கரியைவிடப் பழுப்பு நிலக்கரி கூடுதலாகக் கரியமில வாயு விடும். தொட்டியின் பம்பு, விளக்கு, மீட்டர் எல்லாம் ஓடுவதும் அதில்தான். நிலம் கொடுத்துவிட்டு ஊர் மாறிப்போனவர்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள், அவர்கள் கேட்ட கேள்விகளுக்கே நான் முழுப் பதில் சொன்னதில்லை. புகைபோக்கியை மூடு என்று எழுதுவது எனக்குச் சுலபமில்லை. ஒன்றுமில்லை என்று பேரனிடம் சொல்வதும் முடியவில்லை.

"ஆமாண்டா. அதுவும் கடலுக்குத்தான் போவுது" என்றேன். "எல்லாம் இல்ல, கால் பங்குக்குக் கிட்ட."

"கடலுக்கு ஜன்னல் திறக்க முடியாதே தாத்தா" என்றான்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போது அவன் கல்லூரியில். விடுமுறைக்கு வந்தால் முதலில் ரீடிங் எடுக்கிறான், அப்புறம்தான் சாப்பாடு. ஜன்னலில் ஒன்றை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறோம். கொசுவலை அடித்தாயிற்று. ஏ.சி. கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போய்விட்டது, வெயில் காலத்தில் தொட்டிக்கு மேலே சின்ன மின்விசிறிதான். தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு டிகிரி இறங்கும். நாளைக்கு நாலு லிட்டர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு சார் என்று எப்போதும் கேட்பீர்கள். அவளுக்குத் தெரியும்படி எழுத முடியாது. ஆனால் ஒன்று: 'ஒரிஜினல் பவளம் இருக்கு சார், வீட்டுக்கே கொண்டாந்து தரோம்' என்று போனில் எவராவது சொன்னால் வைத்துவிடுங்கள். என் ஆய்வக அலமாரியில் இருந்த இரண்டு துண்டும் போதும், நம் தெருவின் பங்குக்கு.

இதை இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. புயலைத் தாண்டிய அந்தப் பழைய ஆண், அதாவது இப்போதைய அம்மா, வயது பத்தைத் தாண்டியாயிற்று. மண்சட்டியின் உட்புறத்தில் முட்டை வைத்திருக்கிறாள். முதல் முறையில்லை, பலமுறை வைத்திருக்கிறாள். பொரிந்த குஞ்சுகள் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சக்கர உயிரிகளைத்தான் அவை முதல் வாரம் தின்னும், அதை வளர்க்க எனக்குக் கைவரவில்லை. விடிந்து பார்த்தால் வடிகட்டியில் இருக்கும். முட்டை முதலில் ஆரஞ்சாக இருந்தது, அப்புறம் பழுப்பு, நேற்றிலிருந்து வெள்ளி நிறம். வெள்ளிக் கண்கள் தெரிகின்றன. அப்பா மீன் சாப்பிடாமல் விசிறிக்கொண்டிருக்கிறது. இன்று எட்டாம் நாள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரத்தில் பொரியும்.

தம்பி ஃபிளாஸ்க்கில் சக்கர உயிரியோடு பரங்கிப்பேட்டையிலிருந்து கிளம்பியிருக்கிறான். பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டிவிட்டதாம், வடலூர் வந்ததும் போன் செய்கிறேன் என்றான். தனித் தொட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். பம்பை நிறுத்த வேண்டும், வடிகட்டியில் துணி கட்ட வேண்டும். இவள் டார்ச்சுக்கு சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன் அடிக்கிறது.